இந்தத் தூண் எந்தக் கோயில்? – சிறிய கேமராக்களின் ‘கூடுதல் வசதிகள்’ பற்றி ஒரு குறிப்பு

சிறிய கேமரா ஒன்றைப் பற்றி யார் விமர்சனம் எழுதினாலும் வரிசை ஒன்றுதான். முதலில் எத்தனை மெகாபிக்சல், அடுத்து எத்தனை மடங்கு ஜூம், பிறகு இருட்டில் எப்படி, வீடியோ எப்படி. கடைசியில் போனால் போகிறது என்று ஒரு பத்தி: வைஃபை உண்டு, புளூடூத் உண்டு, ஜி.பி.எஸ். இல்லை, நன்றி வணக்கம். அந்தக் கடைசிப் பத்தியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கோயில் தூண்களையும் கல்வெட்டுகளையும் படமெடுத்துச் சேர்த்துவைக்கிற என்னைப் போன்ற ஆட்களுக்கு அதுதான் முதல் பத்தி. மெகாபிக்சல் எல்லாம் 2010 வாக்கிலேயே நம் வேலைக்குப் போதுமான அளவுக்கு வந்தாச்சு.

எங்கள் பக்கத்துச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 11 நிலைக் கோபுரமும் பால்கோவாவும்தான். ஆனால் ஆண்டாள் கோயில் மண்டபங்களிலும், மடவார்விளாகம் வைத்தியநாதசுவாமி கோயிலிலும், சுற்றுவட்டாரத்துக் கோயில்களிலும் நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரே காலம், ஒரே பாணி. வீரபத்திரரின் கையும் வாளும் ஒரு கோயிலில் ஒரு மாதிரி, அடுத்த கோயிலில் கொஞ்சம் மாறி. யாளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நாளில் மூன்று கோயில் சுற்றி நானூறு படம் எடுத்துவந்தால், கணினியில் ஏற்றியதும் கிடைப்பது ‘ஐஎம்ஜி 4127’, ‘ஐஎம்ஜி 4128’ என்ற பெயர்கள் மட்டும். எடுத்த வாரத்தில் ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து யாராக இருந்தாலும் அந்தத் தூண் எந்தக் கோயில் என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

இந்தப் பெயர் வைக்கும் முறையே ஒரு பழைய கதை. கேமராக்கள் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் விதி 1998-ல் ஜப்பானில் வகுக்கப்பட்டது, டி.சி.எஃப். என்பார்கள். எட்டே எழுத்து: முதல் நான்கு எழுத்தோ எண்ணோ, அடுத்த நான்கு 0001 முதல் 9999 வரை எண். அதைத் தாண்டினால் மறுபடி 0001. ஆக, ஒரே கேமராவில் பத்தாயிரம் படம் தாண்டியவர் வீட்டில் ஒரே பெயருள்ள இரண்டு படங்கள் கட்டாயம் இருக்கும். எந்த நிறுவனமும் இன்றுவரை இதைப் பெரிதாக மாற்றவில்லை. படத்தைப் பகிர்வதற்கு நூறு வழி கண்டுபிடித்தவர்கள், படத்துக்கு ஒரு பெயர் வைக்க வழி செய்யவில்லை. என் விமர்சனத்தின் மையம் இதுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா, ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போச்சு’ என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எழுதலாம், எழுதுகிறேன். ஆனால் நோட்டும் படமும் தனித்தனியாகப் போகும் பொருட்கள். படம் நகலெடுக்கப்பட்டு எங்கெங்கோ போகும். நோட்டு அலமாரியில் கிடக்கும். படத்தோடு ஊர்ப்பெயர் சேர்ந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராஜர் திருடுபோய், ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கியது. அந்தச் சிலை நம்முடையதுதான் என்று நிரூபிக்க உதவியது எது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு. 1950-களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை அவர்கள் வைத்திருக்கிறார்கள். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. கூடவே விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையும் வந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படங்கள் கலைநயத்துக்காக எடுத்தவை இல்லை. கறுப்பு வெள்ளையில் நேர் முகமாக எடுத்தவைதான் அதிகம். அவற்றின் பலம் எதில் என்றால், இது இன்ன ஊர், இன்ன கோயில் என்ற பதிவு படத்தோடு ஒட்டியிருந்ததில். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அது ‘ஒரு நடராஜர் படம்’. பதிவு இருந்ததால் சாட்சி. ஒரு கேமராவின் இணைப்பு வசதிகளை நான் எடைபோடுவது இந்தத் தராசில்தான்.

சரி, கேமராவுக்கு வருவோம்.

படத்தோடு இடத்தை ஒட்டவைக்கும் வேலையைச் சிறிய கேமராக்கள் ஒரு காலத்தில் தாமே செய்தன. ஜி.பி.எஸ். உள்ளேயே இருந்தது. 2010-லிருந்து நாலைந்து வருஷம் இதற்குப் பொற்காலம் என்றே சொல்லலாம். பானசோனிக்கின் பயண ஜூம் கேமராக்கள், சோனியின் ‘வி’ எழுத்து சேர்ந்த மாடல்கள், கேனன் பவர்ஷாட் எஸ்100, நிக்கான் கூல்பிக்ஸ் எஸ்9900 என்று வரிசையாக வந்தன. செயற்கைக்கோளிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை வாங்கி, படக் கோப்பின் உள்ளேயே எழுதிவிடும். எக்சிஃப் என்று சொல்லும் அந்தத் தகவல் பகுதியில் தசம எண்ணில் நான்கு இலக்கம் வரை இருந்தால் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம். ஸ்ரீவில்லிபுத்தூர் 9.51 வடக்கு, 77.63 கிழக்கு, ராஜபாளையம் 9.45, 77.55. இரண்டு இலக்கத்திலேயே ஊர் பிரிந்துவிடுகிறது. நான்கு இலக்கத்தில் கோயில் பிரிந்துவிடும்.

கல் மண்டபத்துக்குள் ஜி.பி.எஸ். எடுக்காது என்பது உண்மை. தலைக்கு மேல் ஒன்றரை அடி கருங்கல் இருந்தால் சிக்னல் எப்படி வரும்? ஆனால் வெளிப்பிராகாரத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே போனால் போதும். அந்த ஒரு படத்தின் இடமும் நேரமும் அடுத்த ஐம்பது படத்துக்கும் காவல். எந்தத் தூண் என்று அது சொல்லாது; எந்தக் கோயில் என்று சொல்லும்.

இன்னொரு உபயோகம் பலருக்குத் தெரியாது. எக்சிஃபில் இரண்டு நேரம் பதிவாகிறது. ஒன்று கேமராவின் கடிகாரம். இன்னொன்று செயற்கைக்கோள் தரும் நேரம். அது உலகப் பொது நேரத்தில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி இருந்தால் உங்கள் கேமரா கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். இல்லையென்றால் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதைக்கூடப் பின்னாளில் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். பேட்டரியைக் கழற்றி மாதக்கணக்கில் சும்மா வைத்த கேமரா கடிகாரம் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கேமராக் கடிகாரம் எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது என்று எழுதுவதற்கே எக்சிஃபில் 2016 வரைக்கும் இடம் கிடையாது.

இவ்வளவு உருப்படியான ஒன்றை என்ன செய்தார்கள்? எடுத்துவிட்டார்கள். கேனன் எஸ்100 (2011) ஜி.பி.எஸ்.ஸோடு வந்தது. அடுத்த வருஷம் வந்த எஸ்110-ல் ஜி.பி.எஸ். போய் வைஃபை வந்தது. பானசோனிக் டி.இசட்.60-ல் (2014) இருந்தது, டி.இசட்.70-ல் இல்லை. நிக்கான் எஸ்9900-ல் (2015) இருந்தது, அதன் வாரிசான ஏ900-ல் (2016) இல்லை. சோனி எச்.எக்ஸ்.90வி-யில் இருந்தது, 2018-ன் எச்.எக்ஸ்.99-ல் இல்லை. நாலு கம்பெனியும் பேசிவைத்தாற்போல ஒரே காரியம். காரணம் என்னவென்று கேட்டால் பேட்டரி மிச்சம், விலை மிச்சம், அப்புறம் ‘உங்க கையிலதான் செல்போன் இருக்கே’. செல்போனிலுள்ள செயலி இடத்தைக் கண்டுபிடித்து, புளூடூத் வழியாகக் கேமராவுக்குச் சொல்லும். கேமரா அதைப் படத்தில் எழுதிக்கொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்ய உத்தரவிட்டது. எல்லாக் கோயிலிலும் ஒரே கண்டிப்போடு நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் கண்டிப்பாக நடக்கும் இடத்தில், முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு கேமராவோடு உள்ளே போகிறவரின் செல்போன் வாசலில் பெட்டகத்தில் இருக்கும். புளூடூத்தின் எட்டு என்பது பத்து மீட்டர் சுமார். ராஜகோபுரத்தைத் தாண்டும்போதே தொடர்பு போயிடும். ஆக, இடத்தைப் பதிவுசெய்ய வேண்டிய முக்கியமான இடத்தில், இடம் தெரியாத கேமராவோடு நிற்கிறோம். ஜப்பானில் உட்கார்ந்து வடிவமைத்தவர்கள் மதுரைக் கிளையின் தீர்ப்பை எதிர்பார்த்திருக்க முடியாதுதான். ஆனால் ஒரு கருவி தன் அடிப்படை வேலை ஒன்றுக்கு இன்னொரு கருவியின் தயவை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் என்று செல்போனை வெளியே வைக்கச் சொல்லும் இடங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன.

வைஃபை பற்றி எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, சலிப்புத்தான். சிறிய கேமராவில் வைஃபை 2005-லேயே வந்துவிட்டது. நிக்கானின் பி1, பி2, கோடாக்கின் ஈஸிஷேர்-ஒன். அப்போதே இதைப் ‘பகிர்தல்’ என்ற ஒரே சொல்லால்தான் விற்றார்கள். இருபது வருஷமாக அந்தச் சொல்லை விட்டு அவர்கள் நகரவில்லை. கேமரா தானே ஒரு வைஃபை வட்டத்தை உண்டாக்கும். செல்போன் தன் இணையத்தை விட்டுவிட்டு அதில் போய்ச் சேர வேண்டும். செயலி திறக்க வேண்டும். பாதி நேரம் ‘இணைக்கிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். என்னிடம் உள்ள கேமராவின் செயலி (பெயர் எதற்கு, விடுங்கள்) செல்போனை மாற்றிய பிறகு புதிய ஆண்ட்ராய்டில் ஏறவே இல்லை. அதே கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி, சில நூறு ரூபாய் கார்டு ரீடரில் செருகினால் எந்தக் கணினியும் அடுத்த நொடி திறந்துவிடுகிறது. கம்பியும் கார்டும் கிழவர்கள், ஆனால் பேச்சு மாறாதவர்கள்.

செயலி ஏறினாலும் ஒரு சங்கடம் உண்டு. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ், எடுக்க எடுக்கப் படங்களைத் தானாகச் செல்போனுக்கு அனுப்பும். வசதிதான். ஆனால் தானாகப் போவது 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கிய படம். 20 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த கல்வெட்டு, செல்போனுக்கு வரும்போது பத்தில் ஒன்று. அதைத்தான் நாம் ஆர்வத்தில் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். வாட்ஸ்அப் இன்னும் சுருக்கும். போதாக்குறைக்கு எக்சிஃப் தகவல் முழுவதையும் உரித்துப் போட்டுவிடும். செயற்கைக்கோள்வரை போய் வாங்கிவந்த இடமும் நேரமும் அந்த இடத்தில் காலி. நம் வட்டாரத்து வரலாற்றுக் குழுக்களில் சுற்றும் கல்வெட்டுப் படங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட அநாதைப் படங்கள். ‘இது எந்த ஊர் சார்?’ என்று யாராவது கேட்பார். முதலில் போட்டவர் யார் என்றே தெரியாது. படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் உள்தகவல் அப்படியே போகும். இந்த ஒரு பழக்கத்தையாவது குழு நடத்துபவர்கள் வற்புறுத்தலாம்.

மேகச் சேமிப்பு என்கிறார்களே, அது? பெயரே பயமுறுத்துகிறது, மேகம் கலையக்கூடியதுதானே. 2007-ல் ஐ-ஃபை என்று ஒரு மெமரி கார்டு வந்தது. கார்டுக்குள்ளேயே வைஃபை, வைஃபை இல்லாத கேமராவிலும் போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் வந்த மிகப் புத்திசாலித்தனமான யோசனை அது. 2016-ல் கம்பெனி தன் பழைய கார்டுகளுக்கான சேவையை நிறுத்தியது. கார்டு கெடவில்லை, சேவைதான் செத்தது. கேனன் ‘ஐரிஸ்டா’ என்ற சேமிப்புத் தளத்தை நடத்தி 2020 ஜனவரியில் மூடியது. அடுத்து வந்த ‘இமேஜ் டாட் கேனன்’ தளத்தில் அதே வருஷம் ஒரு கோளாறு. ஜூன் 16-க்கு முன் நீண்டகாலச் சேமிப்பில் ஏற்றியிருந்த மூலப் படங்கள் சில அழிந்தன என்று கேனனே அறிவித்தது. சிறுபடங்கள் மிஞ்சின, மூலம் போனது. கல்வெட்டு வாசிக்க சிறுபடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த வகையில் ஆண்ட்ராய்டு போட்ட கேமராக்களையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2012-ல் சாம்சங் கேலக்ஸி கேமராவும் நிக்கான் எஸ்800சி-யும் வந்தன. லென்ஸ் இன்றும் வேலை செய்யும்; உள்ளே இருக்கும் மென்பொருள் அருங்காட்சியகப் பொருள்.

இப்போது நான் உண்மையிலேயே வருத்தப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கேனனின் பழைய பவர்ஷாட், இக்ஸஸ் கேமராக்கள் பலவற்றில் ‘ஒலிக்குறிப்பு’ என்று ஒரு வசதி இருந்தது. எடுத்த படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் வரை பேசலாம். படத்தின் அதே எண்ணில் ஒரு ஒலிக் கோப்பாகக் கார்டில் உட்கார்ந்துகொள்ளும். அவ்ளோதான். செயலி கிடையாது, கணக்கு திறக்க வேண்டாம், இணையம் வேண்டாம். ‘மடவார்விளாகம், தெற்குப் பக்கம், வாசலிலிருந்து மூன்றாவது தூண், கிழக்கு முகம், மேல்பகுதி உடைஞ்சிருக்கு’ என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அடுத்த தூணுக்குப் போகலாம். வேறு சில கம்பெனிகளின் சிறிய கேமராக்களிலும் பத்து, இருபது விநாடிக்கு இதே மாதிரி வசதி இருந்தது.

கள ஆய்வில் அலைந்தவர்களுக்குத் தெரியும், இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு கையில் டார்ச், மறு கையில் கேமரா. நோட்டை எங்கே பிடிப்பது? பக்கத்தில் பூசாரியோ ஊர்ப் பெரியவரோ நின்றுகொண்டு, ‘இந்தக் கல்லு முந்தி குளத்துப் படியில கிடந்துச்சு, கும்பாபிஷேகத்தப்ப தூக்கியாந்து இங்க வச்சாங்க’ என்று சொல்வார். அந்தக் குரலையே படத்தோடு சேர்த்துவைக்கலாம். கல் பேசாத செய்தியை மனுஷன் பேசுகிறான், இரண்டும் ஒரே எண்ணில். இதைவிட நல்ல ‘இணைப்பு வசதி’யை எந்த நிறுவனமும் பிறகு செய்யவில்லை என்பது என் துணிபு.

ஆனால் வசதி அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. எந்த விமர்சகரும் இதை எண்ணவில்லை, கடைக்காரரும் சொல்லி விற்கவில்லை. சத்தமில்லாமல் காணாமல் போனது. இன்று இந்த வசதி வேண்டுமானால், பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கென்று செய்யும் லட்சக்கணக்கான ரூபாய்க் கேமராக்களில்தான் உண்டு. அவர்களுக்குத் தலைப்பு எழுத ஆள் வேண்டும், அதனால் குரல் வேண்டும் என்று கம்பெனிக்குப் புரிகிறது. நமக்கும் அதே தேவை என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ரிக்கோ என்ற கம்பெனிக்கு மட்டும் கொஞ்சம் புரிந்திருந்தது. கட்டுமானப் பணி, ஆய்வுப் பணிக்கென்று 500எஸ்இ, அப்புறம் 2010-ல் ஜி700எஸ்இ என்று கேமராக்கள் செய்தார்கள். படத்தோடு குறிப்புச் சேர்க்கலாம், ஜி.பி.எஸ். பொருத்தலாம், பார்கோடுகூடப் படிக்கும். அவை நம் ஊர்க் கடைகளில் கண்ணாடிக்குள் இருந்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிக்கான் கூல்பிக்ஸ் கேமராக்கள் பலவற்றில் மெனுவைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். இந்தி, வங்காளம், மராத்தி, தெலுங்கும் உண்டு. இதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் அந்தத் தமிழ் ஒருவழிப் பாதை. கேமரா நம்மிடம் தமிழில் பேசும். நாம் தமிழில் ஒரு வார்த்தை எழுதினால் வாங்கிக்கொள்ளாது. எக்சிஃபில் படத்தின் விளக்கம் எழுதும் இடம் ஆதியிலிருந்தே ஆங்கில எழுத்துக்கு மட்டும் அளந்து தைத்த சட்டை. 2023-ல் வந்த எக்சிஃப் 3.0-ல்தான் உலக எழுத்துகளுக்கெல்லாம் அதில் முறையாக இடம் கொடுத்தார்கள். அதுவரைக்கும் ‘மடவார்விளாகம்’ என்று எழுத வேண்டுமானால், வீட்டுக்கு வந்து கணினியில், எக்ஸ்எம்பி என்ற வேறொரு பகுதியில் எழுத வேண்டும். அதையும் எத்தனை மென்பொருள் பத்திரமாக வைத்திருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

குறையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எல்லோரும் ஜி.பி.எஸ்.ஸைக் கழற்றிய காலத்தில் அதை விடாமல் வைத்திருந்தவர்கள் ஒலிம்பஸ்காரர்கள், டிஜி வரிசையில். தண்ணீருக்குள் முக்கலாம் என்றுதான் அதை விற்கிறார்கள். எங்கள் ஊரில் முக்குவதற்குக் குளத்தில் தண்ணீர் இருந்தால்தானே. ஆனால் 2017-ன் டிஜி-5-ல் இருக்கும் சங்கதி வேறு: ஜி.பி.எஸ்., திசைகாட்டி, காற்றழுத்தம், வெப்பநிலை எல்லாம் உள்ளேயே. மேலே ஒரு சிறு நெம்பு இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் கேமரா அணைந்திருக்கும்போதும் நடந்த பாதை பதிவாகிக்கொண்டிருக்கும். திசைகாட்டி இருப்பதால் கேமரா எந்தத் திசை பார்த்து எடுத்தது என்பதும் தெரியும். கருவறையின் தென்புற அதிட்டானத்துக் கல்வெட்டா, மேற்குப் புறமா என்ற குழப்பம் அதில் தீர்ந்தது. செல்போன் வாசலில் இருந்தாலும் இதற்குக் கவலை இல்லை.

அதில் இன்னொரு விசேஷம், லென்ஸைச் சுற்றி மாட்டும் ஒளிவளையம் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. பொருளிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரம்வரை நெருங்கி எடுக்கலாம். ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய தடத்தைப் பார்க்க இது போதும். கல்வெட்டுக்கு இந்த வளையம் உதவாது, சொல்லிவிடுகிறேன். நேராக அடிக்கும் வெளிச்சம் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். கல்வெட்டுக்குப் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சம்தான் வேண்டும், அதற்கு டார்ச்தான் சரி. சிறிய கேமராக்களின் உள்ளமைந்த ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கல்வெட்டுப் படத்தைக் கெடுப்பதில் அதற்கு நிகர் கிடையாது. வாங்கிய அன்றே அணைத்து வையுங்கள். டிஜி கேமராவின் சென்சார் சிறியது. இருட்டு மண்டபத்தில் படம் புள்ளிப் புள்ளியாகத்தான் வரும். அழகான படம் வேண்டுவோர் சோனி ஆர்எக்ஸ்100 பக்கம் போகலாம். சாட்சி வேண்டுவோர் இதை வாங்கலாம்.

வைஃபைக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். நீளக் கம்பில் கேமராவை மாட்டி உயரத் தூக்கி, செல்போன் திரையில் காட்சியைப் பார்த்துக்கொண்டே எடுப்பது பெரிய உதவி. ஆனால் கோயிலுக்கு வெளியே கிடக்கும் பாழ் மண்டபம், கண்மாய் மடை, நடுகல் இவற்றுக்கு மட்டும்தான். காரணம் மேலே சொன்னதே. மற்றபடி 2019-ல் கேனன் ஜி7எக்ஸ் மார்க் 3 நேரடியாக யூடியூபில் ஒளிபரப்பும் வசதியோடு வந்ததே, அதெல்லாம் பால்கோவாக் கடை வீடியோ போடும் தம்பிகளுக்கு. அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இடத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று இவ்வளவு வாதாடிவிட்டு, அதே மூச்சில் மறைக்கவும் வேண்டும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் எங்கள் ஊரில் இரண்டும் உண்மை. மேற்கே செண்பகத்தோப்பு. 1988-ல் நரை அணிலுக்கென்று அறிவித்த சரணாலயம். 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. அங்கே ஒரு கூட்டையோ அரிய உயிரையோ ஜி.பி.எஸ்.ஸோடு எடுத்து அப்படியே பொதுவில் போடுவது, வேட்டைக்காரனுக்கு வழி எழுதிக்கொடுப்பது. ஐநேச்சுரலிஸ்ட் தளம் இதை உணர்ந்து, ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தைப் பொதுப் பார்வையில் 0.2 பாகைக் கட்டத்துக்குள் கலைத்துக் காட்டுகிறது. அதாவது சுமார் 22 கிலோமீட்டர் சதுரம். உண்மையான இடம் பதிவில் பத்திரமாக இருக்கும். பூட்டில்லாத சிறு கோயில்களில் இருக்கும் பழைய திருமேனிகளுக்கும் இதே நியாயம்தான். மூலத்தில் இடம் இருக்க வேண்டும், ஊருக்குக் காட்டும் நகலில் இருக்கக் கூடாது. நான் கையில் எடுத்துப் பார்த்த எந்தச் சிறிய கேமராவிலும் இந்த இரண்டையும் பிரித்து, ‘இடத்தோடு அனுப்பவா, இல்லாமல் அனுப்பவா’ என்று ஒரு கேள்வி கேட்கும் பொத்தான் இல்லை. பகிரச் சொல்லித் தூண்டுகிற கருவி, எதைப் பகிர்கிறோம் என்று நம்மிடம் கேட்பதில்லை.

இந்தப் புலம்பலைக் கம்பெனிகள் கேட்கப்போவதில்லை என்பது தெரியும். 2010-ல் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் சிறிய கேமராக்கள் கடைக்குப் போயின. 2023-ல் 20 லட்சத்துக்கும் கீழே. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பழைய ‘டிஜிகேம்’ கேட்டு அலைவதால் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது அந்தக் காலத்து நிறம். நமக்கு வேண்டியது அந்தக் காலத்து ஜி.பி.எஸ்.ஸும் ஒலிக்குறிப்பும். இரண்டும் ஒரே பழைய மாடல்களில் இருப்பது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: பழைய மாடல் என்றால் பெட்டியில் வைஃபை முத்திரை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பயனர் கையேட்டைத் தேடி எடுத்து, ஜி.பி.எஸ். உள்ளேயே இருக்கிறதா அல்லது ‘செல்போன் வழியாக’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒலிக்குறிப்பு என்ற பக்கம் இருக்கிறதா பாருங்கள். பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள். எதுவும் இல்லாத கேமராதான் கையில் இருக்கிறது என்றால், கோயிலுக்குள் நுழைந்ததும் முதல் படமாகப் பெயர்ப் பலகையை எடுங்கள். பலகை இல்லாத கோயிலில் ஒரு தாளில் ஊர், கோயில், தேதி எழுதி அதை எடுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் எண் எழுதிய சீட்டு ஒன்று. எனக்கு இதற்குப் பழைய ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் வசதியாக இருக்கிறது.